மலைப்பாதையில் டயர் வெடித்தால் தெரியும், பெட்டியின் அருமை!

"பிக்-அப்" வண்டிக்காரர்களும் "டூல்ஸ்" மூட்டையும்

திருப்பத்தூர்.

நடு ராத்திரி. புதூர்நாட்டில் புளி மூட்டை ஏற்றிய ஒரு "பிக்-அப்" வண்டி மலை இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவு. "டப்" என்று ஒரு சத்தம். பின்பக்க டயர் போச்சு!

டிரைவர் இறங்குகிறார். டார்ச் லைட்டைக் காணோம். செல்போன் வெளிச்சத்தில் வண்டியின் பின்பக்கம் போகிறார்.

"டேய், ஜாக்கி எங்கடா?"

"மூட்டைக்கு அடியில இருக்குண்ணே!"

அத்தனை மூட்டையையும் ரோட்டில் இறக்க வேண்டும். இறக்கினால் ஜாக்கி கிடைக்கிறது. அதைத் தூக்குகிற கம்பி இல்லை. கம்பி கிடைத்தால் வீல் ஸ்பேனர் இல்லை. அது முந்தாநாள் மாமன் வண்டிக்கு இரவல் போனது. திரும்பி வரவே இல்லை!

ஜவ்வாது மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை கையில் இருக்கும். டயர் மாற்றுவது அரைமணி நேர வேலை. டயர் மாற்றுகிற சாமானைத் தேடுவது விடியவிடிய நடக்கிற வேலை.

இத்தனைக்கும் பரிகாரம் ஒரு இரும்புப் பெட்டி. வண்டியின் பின்னால், கேபினை ஒட்டி, போல்ட் போட்டு இறுக்கிய பெட்டி. அவ்வளவுதான். ஆனால் அதை ஒழுங்காக வைத்திருக்கிற வண்டியைத்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குட்டி யானை வந்த கதை

திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019-ம் ஆண்டு நவம்பர் 28-ந்தேதி. அதற்கு முன்பு வேலூர் மாவட்டத்தோடு இருந்தது. ஜவ்வாது மலை ஒரு மாவட்டத்துக்கு மட்டும் சொந்தமில்லை. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என்று பரந்து கிடக்கிறது. திருப்பத்தூர் பக்கம் இருப்பவை புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. மலையாளி என்கிற பழங்குடி மக்கள் காலம் காலமாக வாழ்கிற மலை. சாமை, புளி, தேன், பலா, சீத்தாப்பழம்... மலையில் விளைகிறது கீழே வர வேண்டும். கீழே இருக்கிற சிமெண்டும், கம்பியும், ரேஷன் அரிசியும் மேலே போக வேண்டும்.

ஒரு காலத்தில் இதெல்லாம் தலைச்சுமை. அப்புறம் ஜீப், "மெட்டடார்", "டெம்போ" என்று வந்தன. 2005-ல் டாடா கம்பெனி "ஏஸ்" என்கிற சின்ன லோடு வண்டியை இறக்கியது. வட நாட்டில் "சோட்டா ஹாத்தி" என்றார்கள். நம் ஊரில் "குட்டி யானை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டு "தோஸ்த்" வந்தது. அது பக்கத்திலேயே, ஓசூரில் தயாராகிற வண்டி. இடையில் மகிந்திரா "பொலீரோ பிக்-அப்" மலைப்பாதைக்குப் பெயர் வாங்கிவிட்டது.

முன்னால் இருக்கிற கேபினும் பின்னால் திறந்த தொட்டியுமாக வண்டி செய்து கம்பெனியே விற்க ஆரம்பித்தது அமெரிக்காவில். 1925-ல் போர்டு கம்பெனி தன் "மாடல்-டி" காரின் பின்பக்கத்தில் லோடு தொட்டி வைத்து விற்றது. அதற்கு முன்பு காரின் பின்பக்கத்தை அறுத்து, தச்சரை வைத்து தொட்டி கட்டிக்கொண்டார்கள். அங்கே இன்றைக்கும் தொட்டியின் குறுக்கே, கேபினை ஒட்டி ஒரு அலுமினியப் பெட்டி இல்லாத தொழிலாளி வண்டியைப் பார்ப்பது கஷ்டம். தச்சர், பிளம்பர், வயர்மேன் எல்லோருக்கும் அதுதான் பட்டறை.

வண்டி இங்கே வந்துவிட்டது. பெட்டிதான் இன்னும் வந்து சேரவில்லை!

சிமெண்ட் சாக்கு

இங்கே சாமான்கள் எதில் கிடக்கின்றன தெரியுமா? பெரும்பாலும் சிமெண்ட் சாக்கில். அது இல்லையென்றால் இருபது லிட்டர் பெயிண்ட் டப்பாவில். ஜாக்கி சீட்டுக்கு அடியில். ஸ்பேனர் கிளீனர் காலடியில். கயிறு தொட்டியில். தார்ப்பாய் மேலே. ஒன்று ஓரிடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சாக்குக்கு ஒரு குணம் உண்டு. கனமானது அடியில் போகும். அவசரத்துக்கு வேண்டியதும் அடியில் போகும். ஒரு "12-13" ஸ்பேனர் வேண்டுமென்றால் சாக்கைத் தலைகீழாகக் கொட்ட வேண்டும். கொட்டினால் மறுபடி அள்ள வேண்டும். ராத்திரியில் அள்ளினால் நாலு சாமான் ரோட்டோரப் புல்லில் நின்றுவிடும். முதலில் காணாமல் போவது எப்போதும் "10-11" ஸ்பேனர்தான். இதை எந்த மெக்கானிக்கும் மறுக்க மாட்டார். பேட்டரி நட்டிலிருந்து பம்ப் கிளாம்ப் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். ஆகவே எல்லோரும் இரவல் கேட்பதும் அதைத்தான்.

சிலர் வீட்டில் கிடந்த பழைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். சாக்கைவிட மேல்தான். ஆனால் டிரங்குப் பெட்டியின் தகடு துணி வைப்பதற்கானது. ஜாக்கியும் சங்கிலியும் வைத்து மலைப்பாதையில் நாலு மாதம் குலுங்கினால் அடித்தகடு வாயைப் பிளந்துவிடும். அதைவிட மோசம், அந்தப் பெட்டியை யாரும் வண்டியோடு கட்டுவதில்லை. வளைவுக்கு வளைவு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும்.

பறக்கும் ஜாக்கி!

இங்கேதான் விளையாட்டு வினையாகிறது.

வண்டி மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. எதிலோ மோதி சட்டென்று நிற்கிறது. வண்டி நின்றுவிட்டது. தொட்டியில் கட்டாமல் கிடக்கிற ஐந்து கிலோ ஜாக்கி நிற்குமா? நிற்காது. அதே 40 கிலோ மீட்டர் வேகத்தில் முன்னால் பாயும். கணக்குப் போட்டால், இருபது அடி உயர மாடியிலிருந்து ஜாக்கியைப் போட்டால் என்ன வேகத்தில் தரையில் விழுமோ, அந்த வேகம் அது. 60 கிலோ மீட்டர் வேகம் என்றால் நாற்பத்தைந்து அடிக்கு மேல்.

நடுவில் இருப்பது கேபினின் பின் கண்ணாடி. அதற்கு முன்னால் டிரைவரின் தலை!

மோத வேண்டும் என்றுகூட இல்லை. இறக்கத்தில் திடீர் பிரேக் போட்டாலே கடப்பாரை முன்னால் சரிந்து வந்து கேபினில் முட்டும். ஏற்றத்தில் எல்லாம் பின்னால் ஓடும். பின்கதவின் கொக்கி சரியாக மாட்டவில்லையென்றால் ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழும். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு அது எமன்.

பெட்டி ஆசனம் அல்ல!

இன்னொரு ஆபத்தைச் சொல்லாமல் போக முடியாது. மலையில் பஸ் குறைவு. சந்தைக்கு, கோவிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று லோடு வண்டியில் ஏறிப் போகிற வழக்கம் பல காலமாக இருக்கிறது.

2022-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி. புதூர்நாடு பக்கம் மலைக் கோவிலுக்கு சாமி கும்பிடப் போனவர்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 பேர் பலியானார்கள். ஜில்லாவே அழுத நாள் அது.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். போலீசாரும் ஆர்.டி.ஓ. அதிகாரிகளும் பிடிக்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள். ஆனாலும் ஏறுகிறார்கள். பஸ் வராத ஊரில் இருப்பவரிடம் சட்டம் பேசி என்ன பயன் என்பது ஒரு பக்கம். வண்டியில் ஏறியவரின் காலடியில் கடப்பாரையும், ஜாக்கியும், கம்பியும் கட்டாமல் கிடக்கின்றன என்பது இன்னொரு பக்கம். வண்டி சாய்ந்தால் ஆளோடு சேர்ந்து அதுவும் புரளும்.

தொட்டியில் நல்ல பெட்டி வைத்தவுடன் இன்னொரு சங்கடமும் வருகிறது. மூடி தட்டையாக, முட்டி உயரத்தில் இருக்கும். "உக்காருங்க பெரியம்மா" என்று யாராவது பெஞ்சாக்கிவிடுவார்கள்! பெட்டிமேல் உட்கார்ந்தவர் தொட்டியின் பக்கச் சுவரைவிட உயரத்தில் இருக்கிறார். வளைவில் முதலில் வெளியே விழுவது அவர்தான். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் மூடியைக் கொஞ்சம் சரிவாக வைக்கச் சொல்கிறார்கள். மழைத்தண்ணீரும் நிற்காது. ஆளும் உட்கார முடியாது.

எங்கே வைப்பது?

தொட்டியில் மூன்று இடம் உண்டு. பின்கதவு ஓரம், பக்கவாட்டு ஓரம், கேபினை ஒட்டிய முன் ஓரம்.

பின்கதவு ஓரம் கைக்கு வசதி. ஆனால் அங்கே பாரம் வைத்தால் மலை ஏறும்போது முன்சக்கரம் லேசாகும். ஸ்டீயரிங் "பஞ்சு மாதிரி" ஆகிவிட்டது என்பார்கள். அது நல்லதல்ல. தவிர லோடு ஏற்ற இறக்க அந்த இடம்தான் வாசல். வாசலை அடைத்தால் லோடுமேன் திட்டுவார்.

பக்கவாட்டில் வைத்தால் ஒரு பக்கம் பாரம். எப்போதும் ஒரே பக்கத்துப் பட்டைதான் தழையும்.

ஆகவே கேபினை ஒட்டி, தொட்டியின் குறுக்காக வைப்பதே சரி. பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழுகிறது. மோதினாலும் பெட்டி எங்கும் ஓட இடமில்லை. நின்றபடி பக்கவாட்டிலிருந்து கை விட்டு எடுக்கலாம். இதற்குத்தான் மூடியைவிட, பெட்டியின் இரு ஓரத்திலும் சின்னக் கதவு வைப்பது கெட்டிக்காரத்தனம். லோடு நிரம்பி மூடியைத் திறக்க முடியாதபோதும் ஓரக் கதவு வழியாக ஜாக்கியை இழுத்துவிடலாம். முதலில் சொன்ன புளி மூட்டைக்காரர் வண்டியில் ஓரக் கதவு மட்டும் இருந்திருந்தால் ஒரு மூட்டையைக்கூட இறக்கியிருக்க வேண்டாம்!

நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டும்போது இந்த வித்தை எப்போதோ வந்துவிட்டது. பெரிய லாரிகளில் பக்கவாட்டில், பாடிக்குக் கீழே தொங்குகிறதே பூட்டுப் போட்ட பெட்டி, அதுதான். லோடு எவ்வளவு இருந்தாலும் அந்தப் பெட்டிக்குத் தடையில்லை. குட்டி யானைக்குக் கீழே அந்த உயரம் இல்லை. ஆகவே மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது.

முப்பத்து மூன்று கிலோ

வெல்டிங் பட்டறையில் பெட்டிக்கு கிலோ கணக்கில்தான் பேசுவார்கள். கணக்கு தெரிந்து போவது நல்லது.

நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதற்கு மூடி சேர்த்து இருபத்தெட்டரை சதுர அடி தகடு வேண்டும். 16 கேஜ் தகடு போட்டால் 33 கிலோ. 18 கேஜ் என்றால் 25 கிலோ. (கேஜ் நம்பர் கூடினால் தகடு மெலிகிறது என்று அர்த்தம். இதில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.) ஆங்கிள் சட்டம், கீல், நாதாங்கி எல்லாம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஏன் எடையைப் பற்றிக் கவலை? குட்டி யானை ஏற்றுவது முக்கால் டன். பெட்டியும் சாமானும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ ஆனால் அந்த அளவு லோடு குறைகிறது. தினமும் இரண்டு மூட்டைக் கூலி போகிறது! பல வண்டிக்காரர்கள் பெட்டி வேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம் இதுதான். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. மாசத் தவணை கட்டுகிறவருக்கு ஒவ்வொரு மூட்டையும் கணக்கு.

ஆகவே அடிக்கு மட்டும் 16 கேஜ், சுற்றுச்சுவருக்கு 18 கேஜ் என்று கலந்து போடுவது புத்திசாலித்தனம். கனமெல்லாம் உட்காருவது அடித்தகட்டில்தானே.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. நாலு மூலைக்கும் நாலு போல்ட். தொட்டியின் வெறும் தகட்டில் ஓட்டை போட்டால் ஆறு மாதத்தில் ஓட்டை கிழிந்து பெரிதாகும். அடியில் ஓடுகிற குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். கீழே அகலமான வாசர். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு. ஓட்டை போட்ட இடத்தில் பெயிண்ட் அடிக்காமல் விட்டால் துரு அங்கேதான் பிள்ளையார் சுழி போடும். பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே பழைய டியூப்பை வெட்டிப் போட்டால் சத்தமும் வராது, தண்ணீரும் தேங்காது.

பெட்டிக்காக தொட்டியை நீட்டிக் கட்டுகிறேன் என்று மட்டும் கிளம்பக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள அளவை மாற்றுவது சட்டப்படி தப்பு.

ஜோலார்பேட்டை பாடம்

பெட்டி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். பக்கத்தில் ஜோலார்பேட்டை ஜங்ஷன் இருக்கிறது.

ரெயில் கார்டுகளுக்கு ஒரு பெட்டி உண்டு. "லைன் பெட்டி" என்பார்கள். பிளாட்பாரத்தில் வரிசையாக வைத்திருப்பார்கள், பெயர் எழுதி, பூட்டுப் போட்டு. சுமப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, கை விளக்கு, முதலுதவிச் சாமான், தண்டவாளத்தில் வைத்து வெடிக்கச் செய்கிற எச்சரிக்கை வெடி, விதிப் புத்தகம்... எல்லாம் அதற்குள். கார்டு என்ற பதவிக்கே 2022-ல் "டிரெயின் மானேஜர்" என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெட்டிக்குப் பதிலாக சக்கரம் வைத்த பையைக் கொடுப்பதற்கும் ரெயில்வே ஏற்பாடு செய்தது.

பெட்டியா, பையா என்பது அவர்கள் வழக்கு. இதில் கவனிக்க வேண்டியது வேறு. எச்சரிக்கை வெடி தினமும் தேவைப்படாது. வருஷக் கணக்கில் தொடாமலே இருக்கலாம். ஆனால் தேவைப்படுகிற அந்த ஒரு ராத்திரி, இருட்டில், கையை விட்டால் வர வேண்டும். எதிரே இன்னொரு ரெயில் வந்துகொண்டிருக்கும்!

உள்ளே என்ன, எங்கே?

மலை வண்டியின் பெட்டிக்கும் அதே நியாயம்தான். தினம் வேண்டியது ஒரு பக்கம். அவசரத்துக்கு வேண்டியது ஒரு பக்கம். இரண்டையும் கலக்கக் கூடாது.

அவசரத்தில் முதல் ஆள் முட்டுக்கட்டை. ஆப்பு மாதிரி சீவிய மரக்கட்டை இரண்டு. மலையில் வண்டி நின்றால் டிரைவர்கள் செய்வது என்ன? ரோட்டோரக் கல்லை எடுத்து சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல் நடு ரோட்டிலேயே கிடக்கும். பின்னால் ராத்திரியில் இரண்டு சக்கர வண்டியில் குடும்பத்தோடு வருகிறவர் அந்தக் கல்லில் ஏறினால் கதி என்ன? ஒரு வண்டிக்காரரின் பஞ்சர் இன்னொருவரின் உயிருக்கு உலை வைக்கிறது. பெட்டியில் கட்டை இருந்தால் கல்லைத் தேட வேண்டாம். கட்டையில் ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனையைப் பெட்டியின் வளையத்தில் மாட்டிவிட்டால் மறந்து போகவும் முடியாது.

அடுத்தது ஜாக்கி. ஆயில் ஜாக்கியைப் படுக்கப் போடக் கூடாது. எண்ணெய் கசியும், உள்ளே காற்று ஏறும். தூக்குகிற நேரத்தில் "புஸ்" என்று இறங்கிவிடும். பெட்டியின் ஒரு மூலையில் தகட்டை வளைத்து, ஜாக்கி நிற்கிற அளவுக்குக் கிண்ணம் மாதிரி வெல்ட் வைத்துவிட வேண்டும். பக்கத்திலேயே அதன் கம்பி. கூடவே ஒரு அடிச் சதுரத்தில் கெட்டிப் பலகை. மழை பெய்த மலை ஓரத்தில் ஜாக்கியை வெறும் மண்ணில் வைத்தால், வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி பூமிக்குள் இறங்கும்!

வீல் ஸ்பேனர், அதற்கு நீளம் கூட்ட ஒரு இரும்புக் குழாய். பல வண்டிகளில் ஸ்டெப்னி அடியில் தொங்குகிறது. அதை இறக்குகிற கைப்பிடியும் இதே இடத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாவிட்டால் ஸ்டெப்னி இருந்தும் இல்லாத மாதிரிதான். இவற்றோடு டார்ச் லைட், வண்டி வாங்கும்போது கொடுத்த சிவப்பு முக்கோணம், முதலுதவிப் பெட்டி. முக்கோணத்தைப் பல பேர் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறார்கள். அங்கே அது யாருக்கு வழி காட்டுகிறதோ!

தினசரி பக்கத்தில் ஸ்பேனர் செட். "6-7"-ல் ஆரம்பித்து "20-22" வரை எட்டு. இதைப் பெட்டிக்குள் கொட்டக் கூடாது. தார்ப்பாய்த் துண்டில் எட்டுப் பை தைத்து, சுருட்டிக் கட்டி வைக்கலாம். தையல்காரருக்கு அரைமணி நேர வேலை. விரித்தால் எது இல்லை என்று பார்த்தவுடன் தெரியும். கட்டிங் பிளேயர், திருப்புளி, சுத்தியல், ஹாக்சா பிளேடு, இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, பியூஸ், பல்ப், பேன் பெல்ட்... சின்னச் சாமானெல்லாம் பழைய டால்டா டப்பாவில் போட்ட காலம் போய் பிளாஸ்டிக் டப்பா வந்துவிட்டது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவாக இருந்தால் போதும்.

கயிறும் தார்ப்பாயும் பெட்டிக்குள் வேண்டாம். ஈரத்தோடு சுருட்டி உள்ளே போட்டால் பெட்டியே துருப்பிடித்துவிடும். பேட்டரி ஆசிட், பெட்ரோல் கேன் இரண்டும் உள்ளே வரவே கூடாது. இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போர்வெல் ஆட்கள்

லோடு வண்டிக்காரராவது ஜாக்கியோடு தப்பிக்கலாம். தொழிலே வண்டியில் இருக்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். போர்வெல் மோட்டார் ரிப்பேர்காரர்கள், பிளம்பர்கள், வயர்மேன்கள்.

ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கால் ஸ்டாண்டு, செயின் பிளாக், பைப் ரெஞ்ச் இரண்டு, பைப்பைப் பிடிக்கிற கிளாம்ப், கேபிள், டேப், டெஸ்டர், எல்லாம் வேண்டும். இதில் கிளாம்ப்பை மறந்து வந்தால் வேலை நிற்கும். கிளாம்ப்பின் ஒரு போல்ட் தொலைந்திருந்தால் இன்னும் மோசம். பாதி தூக்கிய பைப் கையை விட்டு நழுவினால் மோட்டாரோடு கிணற்றுக்குள். மறுபடி அதை எடுப்பதற்குள் விவசாயிக்குப் பயிர் காய்ந்துவிடும்.

ஜப்பான் நாட்டு தொழிற்சாலைகளில் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சுவரில் பலகை. ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்தை பெயிண்டில் வரைந்திருப்பார்கள். சுத்தியல் படத்தின்மேல் சுத்தியல். எடுத்தால் படம் மட்டும் நிற்கும். "நான் இங்கே இல்லை" என்று காலி இடமே கத்தும்! ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்த்த பையன்களுக்கு இது பழகிய விஷயம். அங்கே உள்ள டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி 2002-ல் ஜப்பானின் டெமிங் பரிசையே வாங்கியது.

அதே வித்தையைப் பெட்டி மூடியின் உள்பக்கம் செய்யலாம். செலவு ஒரு சின்ன டப்பா வெள்ளை பெயிண்ட். கிளாம்ப்பை வைத்து சுற்றி வரைந்து, பிடிக்க ஒரு கொக்கி. வேலை முடிந்து மூடியைச் சாத்தும்போதே தெரிந்துவிடும், எதை கிணற்றடியில் விட்டுவிட்டு வருகிறோம் என்று.

பிளம்பர்களுக்கு இன்னொரு வம்பு, பைப். பி.வி.சி. பைப் இருபது அடி. தொட்டி ஏழு, எட்டு அடி. மீதி வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் ஒரு சிவப்புத் துணி. அந்தத் துணி சட்டத்தைத் தடுக்காது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வெளியே நீட்டினால் அபராதம் 20 ஆயிரம் ரூபாய்! இரண்டாக அறுத்து, ஒரு "கப்ளிங்" செலவோடு முடித்துக்கொள்வது மலிவு. பெட்டியின் உயரத்தை அளவாக வைத்தால் அறுத்த பைப்புகளை அதன்மேல் சாய்த்துக் கட்டிவிடலாம்.

பூட்டும் துருவும்

பெட்டி வைத்தால் திருடனுக்கு "இங்கே சாமான் இருக்கிறது" என்று போர்டு மாட்டின மாதிரி ஆகாதா? ஆகும். சாக்கில் கிடந்தால் யாரும் சீண்ட மாட்டார்கள், பெட்டியில் பூட்டினால்தான் கண் போகும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை.

அதற்குத்தான் சில தந்திரங்கள். கீல் உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் உளியால் ஒரு தட்டு, மூடி கையோடு வரும். பூட்டைச் சுற்றி ஒரு தகட்டுக் கூண்டு அடித்தால் கடப்பாரை உள்ளே போகாது. தரை போல்ட்டின் தலை பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமல் கழற்ற முடியாது. பஸ் நிலையத்துப் பக்கம் ராத்திரி வண்டி போடுகிறவர்கள் பெட்டியை சுவரை ஒட்டி நிறுத்துவதும் உண்டு. இதில் செலவே இல்லை.

துருவுக்கு வைத்தியம் எண்ணெய்த் துணி. ஸ்பேனரைத் துடைத்து வைத்தால் மழைக்காலம் தாண்டும். பெட்டிக்குள் கொஞ்சம் கற்பூரம் போட்டு வைக்கிற தச்சர் வழக்கத்தை சில டிரைவர்களும் பின்பற்றுகிறார்கள். பெட்டியின் அடியில் இரண்டு சின்ன ஓட்டை விட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே போகும். ஓட்டை வழியாக எலி வரும் என்றால் கம்பி வலை.

பூஜைக்குப் பூஜை

எப்படிப்பட்ட வண்டிக்காரரும் வருஷத்தில் ஒரு நாள் மொத்தச் சாமானையும் வெளியே எடுக்கிறார். ஆயுத பூஜை! வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போதுதான் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிகிறது. மூன்று "14-15" ஸ்பேனர் இருக்கும். ஒரு "10-11" இருக்காது. எந்த வண்டிக்கு வாங்கியது என்றே தெரியாத ஒரு பேரிங் இருக்கும். பழைய ஜீப் வைத்திருந்த அப்பாவின் அங்குல அளவு ஸ்பேனர்கள் இருக்கும். இன்றைய மில்லி மீட்டர் நட்டுக்கு அவை பொருந்தாது. நட்டின் மூலையைத்தான் உருட்டிவிடும். அவற்றைப் பூஜைக்கு வைக்கலாம், பெட்டிக்குத் திரும்ப அனுப்பக் கூடாது.

மறுநாள் எல்லாம் பழையபடி சாக்குக்குள் போகும். எலுமிச்சம்பழம் நசுங்கும், வண்டி கிளம்பும். அந்த ஒரு நாள் விரித்து வைத்ததை அப்படியே வரிசை மாறாமல் ஒரு பெட்டிக்குள் அடுக்கினால் பாதி வேலை முடிந்தது. சில வண்டிக்காரர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பெட்டியைத் திறந்து ஜாக்கியை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். ஸ்டெப்னிக்குக் காற்று இருக்கிறதா என்றும் தட்டிப் பார்க்கிறார்கள். காற்றில்லாத ஸ்டெப்னிக்கு எவ்வளவு நல்ல ஜாக்கி இருந்தும் என்ன செய்வது?

புதிதாகப் பெட்டி செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பட்டறைக்காரர், "போல்ட் எதுக்குங்க, நாலு பக்கமும் வெல்டிங் வெச்சுடறேன், ஆடாது" என்பார். ஒத்துக்கொள்ளக் கூடாது. வெல்டிங் வைத்தால் அடியில் துரு பிடித்தால் பார்க்க முடியாது. தொட்டியும் சேர்ந்து போகும். போல்ட் என்றால் வருஷம் ஒரு முறை கழற்றி, அடியைத் துடைத்து, பெயிண்ட் அடிக்கலாம். தவிர குட்டி யானை நாலைந்து வருஷத்தில் கை மாறுகிற வண்டி. வாங்குகிறவர் டயரைப் பார்ப்பார், இஞ்சினைப் பார்ப்பார், பெட்டிக்குத் தனியாக ஒரு ரூபாய் கூடத் தர மாட்டார். நாலு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி அடுத்த வண்டிக்கு வந்துவிடும்.